1641 அயர்லாந்துப் படுகொலை: நடந்தது எவ்வளவு, அச்சில் ஏறியது எவ்வளவு?

கேள்வி இது: "1641-இல் அயர்லாந்துக் கத்தோலிக்கர்கள் லட்சக்கணக்கான புராட்டஸ்டன்ட்டுகளைக் கொன்று குவித்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். எல்லாமே இங்கிலாந்து கட்டிவிட்ட கதை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எதை நம்புவது? இந்தப் பிரசாரம் எப்படி உருவானது? கிளர்ச்சிக்காரர்கள் பக்கம் பிரசாரமே இல்லையா?"

இரண்டு தரப்பையும் அப்படியே நம்ப முடியாது. கொலைகள் நடந்தன, அதில் சந்தேகமே வேண்டாம். நேரடியாகக் கொல்லப்பட்ட புராட்டஸ்டன்ட் குடியேறிகள் ஏறத்தாழ 4,000 பேர் இருக்கலாம் என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் கணிக்கிறார்கள். உடுத்திய துணியையும் பறிகொடுத்து, கடும் குளிரில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, பசியிலும் காய்ச்சலிலும் இறந்தவர்கள் இன்னும் சில ஆயிரம் பேர். ஆனால் லண்டன் அச்சகங்களில் இந்த எண்ணிக்கை 1,54,000 ஆனது, 2,00,000 ஆனது, 3,00,000 ஆனது. அன்றைக்கு அயர்லாந்து முழுவதும் இருந்த புராட்டஸ்டன்ட்டுகளை ஒருவர் விடாமல் எண்ணினால்கூட மூன்று லட்சம் தேறாது.

சரி, பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1607-இல் அயர்லாந்தின் வடக்கு மாகாணமான அல்ஸ்டரின் பெரிய கேலிக் (பூர்வீக ஐரிஷ்) பிரபுக்கள் ஐரோப்பாவுக்கு ஓடிப்போனார்கள். அவர்கள் நிலத்தை ஆங்கில அரசு பறிமுதல் செய்து, 1609-இலிருந்து இங்கிலாந்து, ஸ்காட்லாந்து புராட்டஸ்டன்ட்டுகளைக் கொண்டுவந்து குடியேற்றியது. பழைய உடைமைக்காரர்கள் பலர் தங்கள் நிலத்திலேயே குத்தகைக்காரர்கள் ஆனார்கள். மிச்சம் இருந்த கத்தோலிக்கப் பிரபுக்களும் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய சர் ஃபெலிம் ஓ'நீலும் அப்படிப்பட்ட கடனாளிதான். இதற்கு மேல், லண்டன் நாடாளுமன்றத்தில் கை ஓங்கிவந்த தீவிரப் புராட்டஸ்டன்ட்டுகள் கத்தோலிக்க வழிபாட்டையே ஒழித்துவிடுவார்கள் என்ற பயம். ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆயுதம் எடுத்து மூன்று நாடுகளையும் ஆண்ட மன்னர் முதலாம் சார்லஸிடம் காரியம் சாதித்துக்கொண்டதையும் இவர்கள் பார்த்திருந்தார்கள்.

1641 அக்டோபர் 23 காலையில் டப்ளின் கோட்டையைப் பிடிப்பதாகத் திட்டம். முந்தின இரவே ஓவன் ஓ'கொனலி என்பவர் அதிகாரிகளிடம் போய்ச் சொல்லிவிட்டதால் டப்ளின் தப்பியது. ஆனால் வடக்கே ஃபெலிம் ஓ'நீல் அக்டோபர் 22 மாலையே சார்ல்மான்ட் கோட்டையைப் பிடித்துவிட்டார். மன்னருக்கு எதிராகவோ, அவருடைய ஆங்கில, ஸ்காட்டிஷ் குடிமக்களுக்கு எதிராகவோ எழவில்லை என்று அக்டோபர் 24-இல் டங்கானனில் அறிக்கையும் விட்டார். பிரபுக்கள் மனத்தில் இருந்தது பேரம் பேசுவதற்கான ஆயுத எழுச்சி. கீழே இருந்த மக்களின் கோபம் வேறு. பக்கத்து வீட்டுக் குடியேறியின் மாடு, துணி, கடன் பத்திரம் என்று ஆரம்பித்த கொள்ளை, சில வாரங்களில் பல இடங்களில் கொலையாக மாறியது.

அவற்றில் மிகக் கொடியது போர்ட்டடவுனில் நடந்தது. நவம்பர் 1641-இல் சுமார் நூறு ஆண், பெண், குழந்தைகளை ஓட்டிவந்து பான் ஆற்றுப் பாலத்திலிருந்து தண்ணீரில் தள்ளினார்கள். நீந்திக் கரையேறப் பார்த்தவர்களை அடித்தும் சுட்டும் கொன்றார்கள். இதைப் பிரசாரம் என்று ஒதுக்க வழியில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட சாட்சிகள் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் ஆர்மா பகுதியைச் சேர்ந்த எலிசபெத் ப்ரைஸ் என்ற விதவை. அவருடைய ஐந்து பிள்ளைகள் அந்த ஆற்றில் போனார்கள். பின்னர் அவர் கொடுத்த வாக்குமூலத்தில் பிள்ளைகளை இழந்த கதையும் இருக்கிறது, இன்னொன்றும் இருக்கிறது. பின்னொரு நாள் அந்தி நேரத்தில் அதே பாலத்தருகே போனபோது, இடுப்பளவு தண்ணீரிலிருந்து நிமிர்ந்து நின்ற ஒரு பெண் உருவத்தைக் கண்டதாகச் சொல்கிறார். கைகளை உயர்த்தி, தலைவிரி கோலமாக, பனிபோல வெளுத்த உடம்போடு அது "பழி, பழி" என்று திரும்பத் திரும்பக் கத்தியதாம். ஒரே ஆவணத்தில் நம்ப வேண்டிய செய்தியும் நம்ப முடியாத செய்தியும் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்தத் தாய் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து பிள்ளைகளை ஆற்றுக்குக் கொடுத்தவர் அந்த ஆற்றங்கரையில் எதைப் பார்த்தார், எதைக் கேட்டார் என்பதை அவருடைய துக்கத்தின் பகுதியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அச்சுக்கு அந்தத் துக்கம் போதவில்லை. அந்த "பழி" என்ற குரல்தான் வேண்டியிருந்தது. பின்னால் வந்த நூல்கள் பலவற்றில் ஆற்றுப் பேய் தவறாமல் இடம்பிடித்தது.

இந்த வாக்குமூலங்கள் எப்படிச் சேர்ந்தன என்று தெரிந்தால் பிரசாரத்தின் பாதி விஷயம் விளங்கிவிடும். டப்ளினுக்குள் அகதிகள் வந்து குவிந்தபோது, 1641 டிசம்பர் 23-இல் எட்டுப் புராட்டஸ்டன்ட் பாதிரிமார்களைக் கொண்ட ஆணையம் ஒன்று அமைந்தது. தலைவர் ஹென்றி ஜோன்ஸ், கேவன் பகுதியில் உள்ள கில்மோர் மறைமாவட்டத்தின் டீன், அதாவது ஆயருக்கு அடுத்த நிலைக் குரு. முதலில் கேட்கச் சொன்னது யார் யாருக்கு என்ன பொருள் நஷ்டம், யார் கொள்ளையடித்தார்கள் என்பதைத்தான். கொலைகளைப் பற்றியும் விசாரிக்கலாம் என்று 1642 ஜனவரியில்தான் அதிகாரத்தை விரித்தார்கள். அதனால் பெரும்பாலான வாக்குமூலங்கள் நஷ்டக் கணக்காகவே இருக்கின்றன: இத்தனை மாடு, இத்தனை பவுண்டுக்குத் தானியம், வசூலாகாமல் போன கடன், குத்தகை. நஷ்டக் கணக்கு முடிந்த பிறகு அயலார் பெயர்கள் வருகின்றன. கொள்ளையடித்தவர்களைப் பலர் பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறார்கள். காரணம், அவர்கள் நேற்றுவரை பழகிய ஆட்கள். எழுதத் தெரியாதவர்கள் கடைசியில் கைநாட்டுபோல ஒரு குறி இட்டிருக்கிறார்கள்.

தன் கண்ணால் பார்த்ததைச் சொல்லும்போது இந்த மக்கள் பெரும்பாலும் நிதானமாகத்தான் பேசுகிறார்கள். "நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டேன்" என்று ஆரம்பிக்கும் இடத்தில்தான் கொடூரம் பெருகுகிறது. பிள்ளைகளை ஈட்டியில் குத்தித் தூக்கியது, கர்ப்பிணியின் வயிற்றைக் கிழித்தது போன்றவற்றில் பெரும்பாலானவை அடுத்த ஊரில் நடந்ததாகவே வரும். அடுத்த ஊர்க்காரரின் வாக்குமூலத்தைப் பார்த்தால் அது அதற்கும் அப்பால் நடந்ததாக இருக்கும்.

ஜோன்ஸ் இதிலிருந்து பொறுக்கி எடுத்தார். 1642 மார்ச்சில் லண்டன் போய் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் தன் அறிக்கையை வைத்தார்; அது உடனே புத்தகமாகவும் வந்தது. மாட்டுக் கணக்கெல்லாம் ஓரத்துக்குப் போய், கொலையும் மிரட்டலும் "புராட்டஸ்டன்ட்டுகளைப் பூண்டோடு அழிக்கும் போப்பின் சதி" என்ற வாதமும் முன்னுக்கு வந்தன. தேர்ந்தெடுப்பதே ஒரு பொய்யைச் செய்துவிட முடியும். ஒரு வரியைக்கூடப் புதிதாகப் புனைய வேண்டியதில்லை.

கில்மோரின் ஆயர், அதாவது ஜோன்ஸின் மேலதிகாரி, வில்லியம் பெடெல். பழைய ஏற்பாட்டை ஐரிஷ் மொழிக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர். கிளர்ச்சி வெடித்தபோது அகதிகளுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தார். கிளர்ச்சிக்காரர்கள் பல வாரம் அவரைத் தொடவில்லை. பிறகு கொஞ்ச காலம் சிறை வைத்தார்கள். 1642 பிப்ரவரியில் அவர் காய்ச்சலில் இறந்தபோது, அதே கிளர்ச்சிக்காரர்கள் ஊர்வலமாக வந்து துப்பாக்கி முழங்கி மரியாதை செய்து அடக்கம் பண்ணினார்கள். ஒரே மறைமாவட்டம், ஒரே பனிக்காலம். ஆனால் லண்டன் மக்கள் காசு கொடுத்து வாங்கிய அயர்லாந்துக்குள் பெடெலின் சவ ஊர்வலத்துக்கு இடமில்லை.

அந்த லண்டன் சந்தையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1641 ஜூலையில், அச்சுத் தணிக்கையை நடத்திவந்த ஸ்டார் சேம்பர் என்ற மன்னரின் நீதிமன்றத்தை ஒழித்தார்கள். அதோடு தணிக்கையும் படுத்துவிட்டது. நவம்பர் முதல் தேதி அயர்லாந்துச் செய்தி நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதே மாதக் கடைசியில் உள்நாட்டு அரசியலை வாரா வாரம் சொல்லும் முதல் செய்திப் பிரசுரம் லண்டனில் வெளிவந்தது. ஆங்கில இதழியல் பிறந்த வாரங்களும் அயர்லாந்துப் பீதி பரவிய வாரங்களும் ஒன்றுதான். 'அயர்லாந்திலிருந்து மோசத்திலும் மோசமான செய்தி' என்ற பொருளில் தலைப்பிட்ட ஒரு பிரசுரம், டிசம்பர் 14 அன்று நாடாளுமன்றத்தில் படிக்கப்பட்ட கடிதத்தின் நகல் என்று சொல்லிக்கொண்டே விற்றது. எல்லாக் கடிதங்களும் அயர்லாந்திலிருந்து வந்தவையும் அல்ல. 1642 ஜனவரியில் நாடாளுமன்றம் விசாரித்தபோது, இப்படி ஒரு "அயர்லாந்துக் கடிதத்தை" கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் அரை கிரவுன் கூலி கொடுத்து எழுதி வாங்கிய விவரம் வெளியே வந்தது. இன்று போலிச் செய்தி என்று நாம் சொல்லும் தொழில் அன்றே நடந்திருக்கிறது.

படங்களின் பங்கும் பெரிது. 1642-இல் ஜேம்ஸ் க்ரான்ஃபோர்ட் என்ற பாதிரியாரின் பெயரில் வந்த 'அயர்லாந்தின் கண்ணீர்' என்ற சிறு நூலில் பக்கத்துக்குப் பக்கம் செதுக்குப் படங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியின் முப்பதாண்டுப் போரைப் பற்றி வந்த நூல்களில் மக்கள் பார்த்த அதே பாணி: வறுக்கப்படும் உடல், ஈட்டி முனையில் குழந்தை, பிரார்த்தனை செய்யும்போதே வெட்டப்படும் பாதிரி. 1572-இல் பாரிஸில் புராட்டஸ்டன்ட்டுகள் கொல்லப்பட்டது, 1605-இல் லண்டன் நாடாளுமன்றத்தைத் தகர்க்கச் சிலர் போட்ட வெடிமருந்துச் சதி என்று கத்தோலிக்கர் பற்றிய பயம் ஏற்கெனவே ஊறியிருந்த வாசகர்கள் அவர்கள். அச்சு வார்ப்பு தயாராக இருந்தது, அயர்லாந்தை அதில் ஊற்றினார்கள். ஆனாலும் கவனியுங்கள்: அதே நூலில் ஒரு படம், பனியில் நிர்வாணமாகத் துரத்தப்படும் குடும்பங்களைக் காட்டுகிறது. "இப்போது நீங்களும் எங்களைப்போலக் காட்டு ஐரிஷ்காரர்கள்தான்" என்று துரத்துகிறவர்கள் ஏசுவதாக அடியில் எழுதியிருக்கிறது. துணி உருவித் துரத்தியது எண்ணற்ற வாக்குமூலங்களில் வருகிற உண்மை. மெய்யான படத்தின் பக்கத்திலேயே பொய்யான படத்தை வைக்கும்போது, மெய்யின் பலம் பொய்க்கும் போய்ச்சேர்கிறது.

இதையெல்லாம் யார் பயன்படுத்திக்கொண்டார்கள்? கிளர்ச்சியை அடக்கப் படை வேண்டும், அந்தப் படை மன்னர் கையில் இருக்குமா நாடாளுமன்றத்தின் கையில் இருக்குமா என்பதுதான் அன்று லண்டனின் பெரிய சண்டை. ஃபெலிம் ஓ'நீல் நவம்பர் 4-இல் நியூரியில், மன்னர் சார்லஸே முத்திரையிட்டு உத்தரவு கொடுத்ததாக ஒரு பத்திரத்தைக் காட்டினார். அது போலி. கிளர்ச்சிக்காரர்களின் பிரசாரத்தில் இதைவிடப் பெரிய தவறு இல்லை என்பது என் எண்ணம். தங்கள் எழுச்சிக்குச் சட்டப் போர்வை தேடினார்கள். அது மன்னரின் எதிரிகளுக்கு ஆயுதமானது. "மன்னரே கத்தோலிக்கருக்குத் துணை" என்ற சந்தேகத்துக்குக் கிளர்ச்சித் தலைவரே ஆதாரம் கொடுத்துவிட்டார்.

அடுத்தது பணம். 1642 மார்ச்சில் ஒரு சட்டம் வந்தது. பத்து லட்சம் பவுண்டு திரட்டுவது, அதற்கு ஈடாக அயர்லாந்தில் பறிமுதல் செய்யப்போகும் 25 லட்சம் ஏக்கர் நிலத்தைக் கொடுப்பது. விலைப்பட்டியல்கூட இருந்தது: ஆயிரம் ஏக்கர் அல்ஸ்டரில் 200 பவுண்டு, மற்ற மூன்று மாகாணங்களில் கனாட்டில் 300, மன்ஸ்டரில் 450, லெய்ன்ஸ்டரில் 600. பணம் போட்டவர்களில், பின்னாளில் நாடாளுமன்றப் படைத் தளபதியான ஆலிவர் குரோம்வெல்லும் ஒருவர். இன்னும் பிடிக்காத நிலத்தை முன்கூட்டியே விற்றாகிவிட்டது. அதன் பிறகு கிளர்ச்சி சமாதானத்தில் முடிந்தால் முதலீட்டாளர்களுக்கு நஷ்டம். எல்லா ஐரிஷ் கத்தோலிக்கர்களும் குற்றவாளிகள் என்றால்தான் அந்த ஏக்கர் கணக்கு தேறும். படுகொலை எண்ணிக்கை ஏன் குறையவே இல்லை என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இந்த விலைப்பட்டியலைத்தான் காட்டுவேன்.

எண்ணிக்கை எப்படி வளர்ந்தது என்பதையும் பார்த்துவிடலாம். 1,54,000 என்பது ராபர்ட் மேக்ஸ்வெல் என்ற பாதிரியாரின் வாக்குமூலத்திலிருந்து வருகிறது. அவர் ஓ'நீலிடம் கைதியாக இருந்தவர். அல்ஸ்டரில் இத்தனை பேர் இல்லாமல் போய்விட்டார்கள் என்று கிளர்ச்சிக்காரர்களின் குருமார்களே கணக்கிட்டதாகத் தான் கேள்விப்பட்டதைச் சொன்னார். எதிரி பெருமைக்குச் சொன்னது, கைதியின் காதில் விழுந்தது. 1646-இல் சர் ஜான் டெம்பிள் 'ஐரிஷ் கிளர்ச்சி' நூலில் மூன்று லட்சத்துக்கு மேல் என்று எழுதினார். அந்த வாக்கியத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும்: கொல்லப்பட்டவர்கள், வேறு வகையில் அழிந்தவர்கள், அல்லது வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்கள், எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் என்கிறார். அப்படியும் அது மிகை. ஆனால் அவரை மேற்கோள் காட்டியவர்கள் பின்பாதியை விட்டுவிட்டு மூன்று லட்சம் கொலை என்று மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கவிஞர் ஜான் மில்டன் இன்னும் மேலே போனார். அல்ஸ்டரில் மட்டும் 1,54,000, மற்ற மூன்று மாகாணங்களையும் சேர்த்தால் நான்கு மடங்கு இருக்கும் என்று எழுதினார். ஆறு லட்சத்தைத் தாண்டுகிறது! அதே காலத்தில் மன்னர் பக்கத்து வரலாற்றாசிரியர் கிளாரண்டன் 40,000 அல்லது 50,000 என்றார். அதுவும் அதிகம்தான். ஆனாலும் கட்சிக்குக் கட்சி எண்ணிக்கை எப்படி மாறியது என்பது இதில் தெரிகிறது.

இந்த எண்ணிக்கைகள் தாளில் மட்டும் நிற்கவில்லை. 1642-இலேயே இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. 1644 அக்டோபரில் நாடாளுமன்றம், இங்கிலாந்தில் பிடிபடும் ஐரிஷ் வீரர்களுக்கு உயிர்ப்பிச்சை கிடையாது என்று உத்தரவிட்டது. 1645 ஜூனில் நேஸ்பி போருக்குப் பிறகு, மன்னர் படையோடு வந்திருந்த பெண்களில் சுமார் நூறு பேரை "ஐரிஷ்காரிகள்" என்று சொல்லி வெட்டினார்கள். பலருக்கு முகத்தைக் கிழித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெல்ஷ் மொழி பேசிய பெண்களாக இருந்திருக்க வேண்டும் என்றே வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். புரியாத மொழியில் உயிருக்குக் கெஞ்சியதே அவர்கள் செய்த குற்றம்.

1649 செப்டம்பரில் அயர்லாந்தின் ட்ரோஹெடா ஊர். குரோம்வெல்லின் படை 3,000 பேருக்கு மேல் கொன்றது. இவ்வளவு அப்பாவி ரத்தத்தில் கை நனைத்த காட்டுமிராண்டிகளுக்குக் கடவுள் கொடுத்த நியாயமான தண்டனை என்று அவர் நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். ஆனால் ட்ரோஹெடா 1641 கிளர்ச்சிக்காரர்கள் கையில் ஒருநாளும் இருந்ததில்லை. அவர்கள் மாதக்கணக்கில் முற்றுகையிட்டுத் தோற்றுப்போன ஊர் அது. 1649-இல் அதைக் காத்த தளபதி சர் ஆர்தர் ஆஸ்டன் ஓர் ஆங்கிலேயர். படையிலும் ஆங்கிலேயர் கணிசமாக இருந்தார்கள். எட்டு வருடப் படிப்பும் கேள்வியும் ஒரு தளபதியின் மனத்தில் "எல்லா ஐரிஷ்காரரும் ஒன்றுதான்" என்று பதிந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி எனக்குத் தெரியாது. அப்புறம் நிலம் கைமாறியது. 1641-இல் அயர்லாந்து நிலத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் கத்தோலிக்கர் கையில் இருந்தது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அது 20 சதவீதம் அளவுக்கு இறங்கியது.

அதோடு முடியவும் இல்லை. 1662-இல் அக்டோபர் 23-ஐ ஆண்டுதோறும் நன்றி வழிபாட்டு நாளாக்கி அயர்லாந்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. வருடா வருடம் பிரசங்கம், வருடா வருடம் அதே கதைகள். 1678-க்குப் பிறகு, மன்னரைக் கொல்லக் கத்தோலிக்கர்கள் திட்டமிடுவதாக "போப்பின் சதி" பீதி கிளம்பியதும் டெம்பிளின் நூலை மறுபடி அச்சிட்டார்கள். அந்தப் பீதியில்தான் ஆர்மாவின் கத்தோலிக்கப் பேராயர் ஆலிவர் ப்ளங்கெட்டை 1681-இல் பொய்ச் சாட்சிகளை வைத்துக் கொன்றார்கள். அந்தச் சாட்சிகளைத் திரட்டுவதில் மும்முரமாக இருந்தவர்களில் ஒருவர் நம் ஹென்றி ஜோன்ஸ், அப்போது மீத் ஆயர். 1688 டிசம்பரில் ஐரிஷ் படை ஊர்களை எரித்துக்கொண்டு வருகிறது என்று இங்கிலாந்து முழுக்க வதந்தி பரவி, மக்கள் ராத்திரி முழுக்க ஆயுதத்தோடு விழித்திருந்தார்கள். ஒரு படையும் வரவில்லை.

இனி கத்தோலிக்கர் பக்கம். அவர்களும் இறந்தவர்களை எண்ணிக்கை ஆக்கினார்கள். 1642 ஜனவரியில் ஐலண்ட் மகீ தீவக்குறையில் ஸ்காட்டிஷ் வீரர்கள் கத்தோலிக்கக் குடும்பங்களைக் கொன்றது உண்மை. 1662-இல் வந்த ஒரு பிரசுரம் அதை 3,000 பேர் என்றது. அந்தச் சின்ன இடத்தில் அத்தனை பேர் வாழ்ந்திருக்கவே முடியாது. 1645-இல் லிஸ்பனில் இருந்த கோனர் ஓ'மஹோனி என்ற இயேசு சபைக் குரு, ஐரிஷ்காரர்கள் 1,50,000 மதவிரோதிகளைக் கொன்றிருக்கிறார்கள், மிச்சம் இருப்பவர்களையும் முடியுங்கள் என்று லத்தீனில் எழுதினார். புராட்டஸ்டன்ட்டுகள் அழுதுகொண்டு சொன்ன எண்ணிக்கை அவர் கையில் வெற்றிக் கணக்காக மாறிவிட்டது. அந்த நூலை, கிளர்ச்சிக்குப் பின் கத்தோலிக்கர்கள் கில்கென்னியில் அமைத்திருந்த கூட்டரசே கண்டித்து எரிக்கச் சொன்னது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூல வாக்குமூலங்கள் 1741 முதல் டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியில் இருக்கின்றன. சுமார் 8,000 வாக்குமூலங்கள், ஏறத்தாழ 19,000 பக்கங்கள். 2010-இல் முழுவதையும் படியெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்துவிட்டார்கள். அந்த வெளியீட்டு விழாவுக்கு அன்றைய அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் மேரி மெக்அலீஸும் வந்தார், வடஅயர்லாந்துப் புராட்டஸ்டன்ட் தலைவர் இயன் பெய்ஸ்லியும் வந்தார். போர்ட்டடவுன் பாலக் காட்சி, புராட்டஸ்டன்ட் அமைப்பான ஆரஞ்சு சங்கத்தின் கொடிகளில் இன்னும் தீட்டப்படும் நாடு அது என்று தெரிந்தவர்களுக்கு, அந்த இருவரும் ஒரே மேடைக்கு வந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

நேரமிருந்தால் அங்கே போய் ஒரே மாவட்டத்தின் பத்து வாக்குமூலங்களையாவது படியுங்கள். ஒவ்வொரு வரியிலும், சொல்பவர் பார்த்தாரா கேட்டாரா என்று மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். கேவனிலிருந்து ஆரம்பிக்கலாம், பெடெலும் ஜோன்ஸும் அங்கே பணியாற்றியவர்கள் என்பதால் பெயர்கள் சீக்கிரம் பழகிவிடும். ஆர்மாவை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.